அவளுடைய குப்பை மெஷின்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சுடும். அதற்கப்புறம்தான் மனசுக்கே விஷயம் தெரியும். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போய் வேலை பார்த்த அந்த ஆறு மாதமும் என் காது ஆறவே இல்லை. காரணம் ஒருத்தி. ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை. ஒரே தோட்டம், எங்கள் லயத்துக்கு மேல் லயம், பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைவரை ஒரே வாங்கில்தான் உட்கார்ந்தோம். அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை என்பார்கள். நல்ல பிள்ளைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆபீஸ் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, ஒரு பார்மசிக்கு மேல் மாடியில் இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேத்தல், அவ்வளவுதான். கொழும்பில் இருந்த கம்பனி தேயிலைத் தோட்டங்களுக்காக ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். எந்த ஆள் எந்த நிறுவையில் எத்தனை கிலோ கொடுத்தார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் அது. தோட்டத்து ஆபீஸ்களுக்கு அதன் ஒவ்வொரு புதிய பதிப்பையும் அனுப்புவதற்கு முன், எங்கே பிழைக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது எங்கள் இரண்டு பேரின் வேலை.

தோட்டத்துக்குத் தோட்டம் கம்ப்யூட்டர் வேறு. ஒரு இடத்தில் விண்டோஸ் செவன், இன்னொரு இடத்தில் டென், யாரோ ஒரு தொரை ஆசைப்பட்டு லினக்ஸ் போட்டு வைத்த இடமும் உண்டு. அத்தனையையும் வாங்கி மாடியில் அடுக்க முடியாது. அதனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை உண்டாக்கிக்கொள்வோம். அதற்கு வீ.எம். என்று பேர். லயம் மாதிரிதான்: கூரை ஒன்று, காம்பரா பல, ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு. ஒரு காம்பராவில் நடப்பது அடுத்த காம்பராவுக்குத் தெரியாது. லயத்தில் எல்லாம் தெரியும், அது வேறு விஷயம்.

வீ.எம்.மில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அது இப்போது இருக்கிற நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு அதற்குள் என்ன கூத்தடித்தாலும், ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நடுவில் நடந்தது எதுவும் அதற்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அந்தப் பொத்தானை அழுத்தி மெஷினைச் சுத்தமாக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் சொன்னபடி செய்கிறவள். என்னிடம் எட்டு வீ.எம். இருந்தன, எட்டும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் போல இருக்கும். அவளிடமும் எட்டு இருந்தன. அதோடு ஒன்பதாவது ஒன்று இருந்தது. என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த ஒன்பதாவதின் மேல்தான்.

அது எப்படி வந்தது என்றால், எங்கள் தோட்டத்து ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்டார்கள். பழைய இரும்புக்காரனுக்குப் போக வேண்டியது. இவள் போய், அங்கே கணக்குப் பதியும் கிளாக்கரய்யாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் தோட்டத்து விவரங்களையெல்லாம் அழித்துவிட்டு, "கொண்டு போ பாப்பா, பன்னண்டு வருசமா எங்கூட மாரடிச்ச சாமான்" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நல்ல மழை. தன் அம்மா கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னா தங்கச்சி, ஆட்டுக்குட்டியா?" என்றார். "கம்ப்யூட்டருங்க. அதுக்கும் டிக்கட் போடணுமா?" என்றாள் இவள். அவர் சிரித்து, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளுக்கு இடம் கொடுத்தார். நான் தலவாக்கலைவரை நின்றுகொண்டே வந்தேன். அந்த சீட்டுக்குக்கூட எனக்குக் காது சுட்டது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததை அச்சு அசலாக ஒரு வீ.எம்.முக்குள் ஏற்றிக்கொண்டாள். பாதி கழற்றிய பிரிண்டர் மென்பொருள், சீட்டாட்டம், கிளாக்கரய்யாவின் மகன் கல்யாணப் படம், எங்கள் மென்பொருளின் பழைய பதிப்பு, அதன் மேல் புதியது, அதன் மேல் இன்னும் புதியது என்று எல்லாம் அப்படியே இருந்தன. அதைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்து முடித்தால்தான் முகப்பே வரும். நான் அதற்குக் குப்பை மெஷின் என்று பேர் வைத்தேன். கேலியாகத்தான் வைத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பேரையே எடுத்துக்கொண்டாள்.

குப்பை மெஷினில் அவளுக்குப் பிழைகள் கொட்டின. என் சுத்தமான எட்டிலும் மென்பொருள் பதவிசாக ஓடும். அவளுடையதில் மூன்றாம் நிமிடம் தொங்கும், எழுத்து உடையும், பிரிண்டரைத் தேடி அலையும். கொழும்பில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள மனிதர். நாங்கள் சேர் என்போம், அவர் எங்களை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார். வாரா வாரம் வீடியோவில் வந்து அவளைப் புகழ்வார். தோட்டத்து ஆபீஸில் இருக்கிற மெஷின் எதுவும் சுத்தமாக இருக்காது, இந்த நங்கிக்கு அது புரிந்திருக்கிறது என்று ஒரு தரம் சொன்னார். புரிந்திருக்கிறதாம். நான் என்ன, கண்டியில் பங்களாவிலா பிறந்தேன்?

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவள் பேச்சுத்தான். "அவ பஸ்ஸ விட்டு எறங்கி எல்லார்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போறா. நீ ஏன்டி மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு வர்ற?" என்று அம்மா கேட்பார். என் அம்மா நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, என்னிடம் அவளைப் பற்றிப் பேசுவார். எனக்கு எப்படி இருக்கும்?

ஆறு மாதம் முடிகிற நேரத்தில் சேர் ஒரு விஷயத்தைச் சொன்னார். தலவாக்கலையில் நிரந்தர வேலை ஒரே ஒரு ஆளுக்குத்தான். கடைசிச் சோதனைச் சுற்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடும். அதில் யார் பெரிய பிழையைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வேலைக் கடிதம். மற்றவர் கிளம்ப வேண்டியதுதான்.

எனக்குக் கிடைக்காவிட்டால் நான் மறுபடியும் லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டும். அவளுக்குக் கிடைக்காவிட்டால் வட்டகொடை ஸ்டேஷன் பக்கத்தில் அவள் சித்தப்பா வைத்திருக்கும் போட்டோகொப்பிக் கடையில் போய் நிற்க வேண்டும். சித்தப்பா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அங்க போய் நின்னா படிச்சதெல்லாம் மறந்துரும்டி" என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. போகட்டுமே என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை நான் போய்ச் சேரும்போது அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், பெருசா ஒன்னு மாட்டிருச்சுடி. கிளாக்கரய்யா சனிக்கெழம என்னா செய்வாரு தெரியுமா?"

"என்னா செய்வாரு?"

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் இல்லல்ல. அதனால சனிக்கெழம மத்தியானமே நாள்காட்டியில சனி, ஞாயிறு ரெண்டு தாளையும் சேத்துக் கிழிச்சிருவாரு. திங்கக்கெழம வந்து நிமிந்து பாத்தா சரியான தேதி இருக்கணும் அவருக்கு."

"அதுக்கென்னா இப்ப?"

"அன்னைக்குன்னு பாத்து கரண்ட் போகுதுன்னு வை. அங்க இருக்குற கம்ப்யூட்டருக்கெல்லாம் உள்ள பேட்டரி செத்துக் கெடக்கு. கரண்ட் வந்தா தேதி தெரியாம முழிக்கும். அவரு என்னா செய்வாரு? செவத்துல நாள்காட்டியப் பாத்துத் தேதி போடுவாரு. அது திங்கக்கெழம."

மிச்சத்தை அவள் குப்பை மெஷினில் காட்டினாள். சனிக்கிழமை கடைசி நிறுவை திங்கட்கிழமைக் கடைசி நிறுவையாகப் பதிந்துவிடும். நிஜத் திங்கட்கிழமை சாயங்காலம் உண்மையான நிறுவையைப் போடும்போது, அதே இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாற்றவா என்று மென்பொருள் கேட்க வேண்டும். என் சுத்தமான மெஷின்களில் கேட்கும். பழைய பதிப்பு இருந்து, அதன் மேல் புதியதை ஏற்றிய மெஷினில் கேட்காது. சத்தமில்லாமல் மாற்றிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டிவிசன் முழுக்க எடுத்த கொழுந்து எடுக்காததாகிவிடும்.

அந்த நாள்காட்டியை நானும்தான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கடிதம் வாங்க, கையெழுத்து வாங்க என்று எத்தனை சனிக்கிழமை அந்த ஆபீஸ் வாசலில் நின்றிருப்பேன். அவர் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துக் கசக்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? அதே தோட்டம், அதே ஆபீஸ், அதே நாள்காட்டி. எரிந்தது எனக்கு. வாய்விட்டு "சூப்பர்டி" என்று சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருத்தி கண்ட பிழையை மற்றவள் தன் மெஷினில் தன் கையால் வரவழைத்துப் பார்த்து, வந்தது என்று எழுதினால்தான் அது பிழை. எழுதாவிட்டால் சேர் அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார். அவள் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். சுத்தமான விண்டோஸ் செவன் ஒன்றை எடு, முதலில் பழைய பதிப்பைப் போடு, அதன் மேல் புதியதை ஏற்று, தேதியை மாற்று, நிறுவையைப் பதி. கேட்க எளிது. ஆனால் அங்கே இன்டர்நெட் ஆமை. ஒவ்வொரு பதிப்பும் இறங்கி ஏறி முடிய மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. எல்லாம் தயாரானபோது அவள் எழுந்தாள். "பசிக்குது. கீழ போய் ரோல்ஸ் வாங்கிட்டு வர்றேன், ஒனக்கு ரெண்டு போதுமா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

நான் திங்கட்கிழமை நிறுவையைப் பதிந்தேன். மென்பொருள் எதுவும் கேட்கவில்லை. பதிந்ததைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை போட்ட கிலோ எதுவும் இல்லை. அவள் சொன்னது அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கடிதம் வரப்போகிறது. நாளைக்கு லயம் முழுக்கத் தெரியும். அம்மா சொல்வார். நான் இந்தப் படியில் ஏறுவது இன்றைக்குத்தான் கடைசி. நிறைய யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போனது என்று சொன்னாலும் பொய். தெரிந்துதான் செய்தேன். அந்தப் பொத்தானை அழுத்தினேன். மெஷின் காலையில் இருந்த சுத்தமான நிலைக்குத் திரும்பியது. பழைய பதிப்பும் இல்லை, புதியதும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. அவளுடைய பிழைப் பதிவின் கீழ் "என் மெஷினில் வரவில்லை" என்று எழுதி, என் பேரைப் போட்டேன்.

அவள் ரோல்ஸோடு வந்தாள். "வந்துச்சா?"

"வரல."

"வரலையா? நான் எழுதினபடிதான் செஞ்சியா?"

"பின்ன வேற எப்புடிச் செய்வேன்? சந்தேகமா இருந்தா நீயே செஞ்சு பாரு. நான் மெசின சுத்தம் பண்ணிட்டேன்."

முதலிலிருந்து செய்ய நான்கு மணிநேரம் ஆகும். ஐந்து மணிக்குச் சுற்று மூடும். அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். அவள் ரோல்ஸை வைத்துவிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். நான் இரண்டு ரோல்ஸையும் சாப்பிட்டேன். நாலரை மணிக்கு அவளுக்குப் புதிய பதிப்பு பாதிகூட இறங்கவில்லை.

ஐந்து மணிக்கு சேர் வீடியோவில் வந்தார். அவள் தன் குப்பை மெஷினில் வருகிறது என்று காட்டினாள். அவர் என்னைக் கேட்டார். வரவில்லை என்றேன். அவர் அவளிடம், நங்கி, அந்த மெஷினே பழசு, உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது, அது காட்டுவதையெல்லாம் நம்பக் கூடாது என்றார். அவள் சரி சேர் என்றாள். எனக்கு அன்றைக்கு வேறொரு பிழை இருந்தது, சின்னப் பிழை. கடிதம் எனக்கு வந்தது.

மேசையை ஒப்படைக்க அவள் திங்கட்கிழமை வந்தாள். அவளுடைய ஒன்பது வீ.எம்.களையும் அழிக்கச் சொல்லியிருந்தார்கள். எட்டை ஒரேயடியாக அழித்தாள். ஒன்பதாவதில் கொஞ்சம் நின்றாள்.

"நீ வச்ச பேரு சரிதான்டி. குப்பையத்தான் இவ்ளோ நாளும் நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். "எங் கண்ணால பாத்தேன். இப்ப எங் கண்ணுமேலயே நம்பிக்க இல்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் கேத்தலில் தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன். திரும்பி வரும்போது அந்த மெஷின் இல்லை. அவள் படியிறங்கிப் போன பிறகு எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததும்தான். மூன்று மாதம் இருந்தது.

மூன்று மாதத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு தோட்டங்களுக்குப் போய்விட்டது. எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அம்மா ஆரம்பித்தார்.

"சனிக்கெழம அந்திக்கு நான் எடுத்தது பதினோரு கிலோ. காலையில பேரு எடுக்குற பெரட்டுல ஒட்டியிருக்குற தாளுல ஒன்னுமே இல்ல. எனக்கு மட்டுமில்ல, ஒருத்திக்கும் இல்ல. கிளாக்கரு ஆட்டயப் போட்டுட்டாரு."

"அவரு அப்புடிச் செய்ய மாட்டாரும்மா."

"பின்ன கொழுந்து காத்துல போச்சா?"

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கூட்டம். பெண்கள் மலைக்கு ஏறாமல் கூடையோடு நின்றார்கள். நடுவில் கிளாக்கரய்யா. அவர் மேல் எனக்குத் தெரிந்து யாரும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு அவரைக் கள்ளன் என்றார்கள். "எங் கையாலதாம்மா போட்டேன், ஒவ்வொரு பேரா போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பாப்பா, நீ அந்த வேலதானே பாக்குற. அது தின்னுருச்சுன்னு இவங்ககிட்ட சொல்லும்மா" என்றார். "பாத்துச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். சனிக்கிழமை கரண்ட் போனதா என்று அவரிடம் கேட்கவே தேவையில்லை. சனிக்கிழமை கரண்ட் போனபோது நான் வீட்டில்தான் இருந்தேன்.

ஆபீஸுக்குப் போய்ச் சேருவதற்குள் சேரும் கூப்பிட்டுவிட்டார். இரண்டு தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறது, என்னவென்று பார் நங்கி என்றார். நான் அவள் எழுதிக் கொடுத்த வரிசையை ஞாபகத்திலிருந்தே செய்தேன். மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. அப்படியே வந்தது. புதுப் பதிவு ஒன்றைத் திறந்து, கண்டவர் என்ற இடத்தில் என் பேரைத் தட்டினேன். ஆமாம், தட்டினேன். அனுப்பினால் சேர் புகழ்வார். கிளாக்கரய்யாவும் தப்பிப்பார். எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அனுப்புவதற்கு முன், இதே மாதிரிப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது என்று அந்தப் பக்கமே எடுத்துக் காட்டியது. அவளுடையது. நாள்காட்டி, இரண்டு தாள், செத்த பேட்டரி என்று எல்லாவற்றையும் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள். அதன் கீழ் என் பேரும் என் பொய்யும். அதைப் படிக்கிறபோதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். என்னால் இவ்வளவு தெளிவாக எழுத முடியாது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. நான் திடீரென்று நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு வரியும் எந்த நாளும் அங்கேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பயந்தேன். காலையில் அந்த மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்ததும் கண்ணை விட்டுப் போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வட்டகொடை பஸ்ஸைப் பிடித்தேன்.

அவள் கடையில் அடையாள அட்டைக்கு கொப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கொப்பி வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அட்டையோடு வைத்துப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். வந்த ஆள் பொறுமை இழந்து "சரியாத்தானே தங்கச்சி இருக்கு" என்றார். அவர் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாடி இந்தப் பக்கம்? கிளாக்கரய்யாவ ஏதோ சொல்றாங்களாமே, அம்மா போன்ல சொன்னிச்சு."

"அன்னைக்கு வந்துச்சு" என்றேன்.

"எது?"

"ஒன்னோட பிழை. எம் மெசின்ல வந்துச்சு. நீ ரோல்ஸ் வாங்கப் போனப்ப. நான் அழிச்சிட்டு வரலன்னு எழுதினேன்."

அவள் கொப்பி மெஷினின் மூடியை மூடினாள். "எப்புடி வந்துச்சு? நான் சொன்ன மாதிரியேவா?"

"அச்சு அசலா."

"கேக்காமயே மாத்திருச்சா?"

"கேக்கல."

"அப்ப எங் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். நான் மேசை மேல் வைத்திருந்த என் போனை அவள் என் பக்கம் தள்ளினாள். "சேருக்குப் போன் போடு. எனக்குக் கேக்குற மாதிரி போடு. இப்ப எங்கிட்டச் சொன்னத அப்புடியே சொல்லு."

சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நடுநடுவே இங்கிலீஷில், நாக்குக் குழறக் குழறச் சொன்னேன். பிறகு சேர் ஒரே கேள்விதான் கேட்டார். பக்கத்தில் அந்த நங்கி இருக்கிறாளா? இருக்கிறாள் என்றேன். அவளிடம் கொடு என்றார். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் கடைக்கு வெளியே நின்றேன்.

அந்த வாரமே சேர் தோட்டத்துக்கு வந்தார். காலை பெரட்டில் எல்லோர் முன்னாலும் நின்று, பிழை கம்பனியுடையது, கிளாக்கர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னாள். கிளாக்கரய்யா கையால் எழுதி வைத்த புத்தகத்திலிருந்து சனிக்கிழமை நிறுவை முழுவதையும் திரும்பப் பதிந்தார்கள். என் அம்மாவின் பதினோரு கிலோவும் வந்தது. "பாத்தியா, அவதான் கண்டுபிடிச்சிருக்கா" என்று அம்மா என்னிடமே சொன்னார். அம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. இன்றுவரை நான் சொல்லவில்லை.

கடிதம் அவளுக்குப் போனது. தோட்டங்கள் கூடிவிட்டதால் இரண்டு ஆள் இல்லாமல் முடியாது என்று என்னையும் வைத்துக்கொண்டார்கள், ஆனால் முதலிலிருந்து, ஆறு மாதத் தவணையில். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் மட்டும் காது சுடாமல் இருந்துவிடுமா?

இப்போது அவள் மறுபடியும் பக்கத்து மேசை. அந்தப் பழைய கம்ப்யூட்டரை அவள் வீட்டில் டீவிக்கு முட்டாக வைத்திருந்தார்களாம். அதிலிருந்து இன்னொரு தரம் ஏற்றிக்கொண்டாள். பழையபடி பேசுகிறாள், சாப்பாட்டில் பாதியைத் தருகிறாள், பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறாள். நடந்ததைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை எடுத்ததில்லை, மேல் லயத்திலோ கீழ் லயத்திலோ யாரிடமும் சொன்னதும் இல்லை. நானாக இருந்திருந்தால் தோட்டம் முழுக்கத் தப்படித்திருப்பேன். போன வாரம் அவளுக்கு ஒன்பது பிழை, எனக்கு மூன்று. எனக்கு எரிகிறது, மறைக்க என்ன இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. அவள் கண்ட பிழையை நான் சரிபார்க்கும்போது அவள் எங்கேயும் போவதில்லை. எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். அவசரப்படுத்த மாட்டாள், எதுவும் சொல்லவும் மாட்டாள். நான் "வந்தது" என்று எழுதி, என் பேரைப் போட்டு அனுப்பிய பிறகுதான் தன் மேசைக்குத் திரும்பிப் போகிறாள்.